செத்தாத்தான் கதையா?

பேச்சிப்பாறையில் சின்ன வயதில் நான் பார்த்த கொடைகளில் வில்லுப்பாட்டு விடிய விடிய நடக்கும். அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள்தான் பல கதைகளின் நாயகர்கள். சாவுக் கட்டம் நெருங்க நெருங்க உடுக்கும் குடமும் வேகமெடுக்கும். சாமியாடிக்கு அருள் வந்துவிடும். உயிரோடு இருப்பவர்கள் கதையை ஏன் பாடுவதில்லை என்று ஒருமுறை ஆச்சியிடம் கேட்டேன்.

"உசுரோட இருக்கவனுக்கு யாரு மக்ளே பாட்டு படிப்பா?" என்றாள்.

யோசித்தால் சரிதான். எங்கள் மாவட்டத்துக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அதே வில்லை எடுத்துக் காந்தி கதை பாடினார். காந்தியும் சுடப்பட்டு இறந்தவர்தான்.

தன் கதையைத் தானே மேடையில் சொல்வது வேறு மரபு. அமெரிக்காவில் ஸ்பால்டிங் கிரே என்ற நடிகர் ஒரு மேசை, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு நோட்டு, இவ்வளவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுவார். 1984-இல் வந்த 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' படத்தில் அவருக்குச் சின்ன வேடம். அந்த அனுபவத்தையே 'ஸ்விம்மிங் டு கம்போடியா' என்ற தனிநபர் நிகழ்ச்சியாக்கினார். 1987-இல் அது படமாகவும் வந்தது.

தமிழில் இந்த இடத்துக்கு வந்தவர் அ. ரேவதி. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் ஆணாக வளர்க்கப்பட்டு, வீட்டைவிட்டு ஓடி, டெல்லி, மும்பை என்று அலைந்த திருநங்கை. பாலியல் தொழில், போலீஸ் வன்முறை எல்லாவற்றையும் கடந்து பெங்களூரின் 'சங்கமா' அமைப்பில் சேர்ந்தார். முதலில் அவர் தொகுத்தது மற்ற திருநங்கைகளின் கதைகளை, 'உணர்வும் உருவமும்' என்ற பெயரில். தன் கதை பிறகுதான். தமிழில் எழுதிய அந்தத் தன்வரலாறு, வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010-இல் ஆங்கிலத்தில் முதலில் வந்தது. தமிழில் 'வெள்ளை மொழி'யாக வர மேலும் ஒரு வருடம் ஆனது. பின்னர் அ. மங்கையின் நெறியாள்கையில் அதையே தனி ஆளாக மேடையில் நிகழ்த்தினார். தேனாவட்டு (2008) படத்தில் நடித்தவருக்கு, மேடையில் கிடைத்தது தன்னுடைய வேடமே.

கிரே பேசியபோது அவர் மனிதர்தானா, ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கவில்லை. ரேவதிக்கு அதுவே முதல் கேள்வி. மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்ததே 2014-இல்தான். 2019-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலக முகப்பில் டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ பெயர்களோடு ரேவதியின் பெயரும் பதாகையில் தொங்கியது.

கொல்லப்பட்டவருக்கு நாம் ஒரு பீடம் போடுகிறோம், கொடை கொடுக்கிறோம், பாட்டுப் படிக்கிறோம். கணக்கு தீர்ந்துவிட்டதாக நிம்மதியாகப் படுக்கப் போகிறோம். உயிரோடு நின்று கதை சொல்கிறவரிடம் அது நடக்காது. கதை முடிந்ததும் அவர் நம்மைப் பார்ப்பார். வாடகைக்கு வீடு தருவாயா, வேலை தருவாயா, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவாயா?

ஆச்சி இருந்தால் இப்போது வேறு மாதிரி கேட்டிருப்பேன்: உசுரோட இருக்கவங்க பாடினா, உக்காந்து கேக்க நமக்குத் தெம்பு இருக்கா?