கேபினெட்டுக்குள் வந்த நிறம்

தொண்ணூறுகளின் நடுவில் நான் சென்னை ரிச்சி தெருவில் வேலைக்குச் சேர்ந்தபோது, சிஸ்டம் வாங்க வருகிறவர்கள் புராசஸர் என்ன, ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். என்ன கலர் என்று யாரும் கேட்டதில்லை. கேபினெட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் ஒரே ஐவரி நிறத்தில்தான் வந்து இறங்கும். கடைக்குக் கடை அதையே கூரை வரை அடுக்கியிருப்பார்கள். இன்று அதே தெருவுக்கு ஒரு கல்லூரிப் பையன் வந்து, "அண்ணா, ஃபுல் ஒயிட் பில்டு, லைட் மட்டும் லாவண்டர்" என்று ஆரம்பிக்கிறான். புராசஸர் பேச்சு அதற்கப்புறம்தான். இதை வெறும் ஷோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் எங்கள் தொழிலிலேயே உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அசெம்பிள் செய்கிறவனின் கைவேலை வாங்குகிறவர் கண்ணில் பட்டதே நிறம் வந்த பிறகுதான்.

அந்த ஐவரிக்கு ஒரு பின்கதை உண்டு. 1977இல் வந்த ஆப்பிள் II ஏறக்குறைய அந்த நிறம். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட பிசியும் அப்படித்தான். அந்தக் காலகட்டத்தில் ஜெர்மனியில், திரை முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்காகப் பணியிட விதிகள் வகுத்திருந்தார்கள். மேசை, காகிதம், கருவி மூன்றுக்கும் நடுவே வெளிச்ச வித்தியாசம் அதிகமானால் கண் களைத்துப்போகும், அதனால் கருவி வெளிர் நிறத்தில் இருக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. அவ்வளவு பெரிய சந்தையில் விற்க முடியாத நிறத்தில் பெட்டி செய்ய எந்தக் கம்பெனி துணியும்? அலுவலகத்துக்கென்று முடிவான அந்த நிறமே வீட்டுக்கும் வந்தது. தைவானில் கேபினெட் அடித்தவர்கள் அதையே அடித்தார்கள், நாங்களும் அதையே விற்றோம்.

வாங்கும்போது நிறத்தைப் பற்றி வாய் திறக்காதவர்கள், இரண்டு வருஷம் கழித்துத் திறந்தார்கள். அந்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயில் பட்டால் மஞ்சளாகிவிடும். ஜன்னலோரம் வைத்த சிஸ்டத்தில் வெயில் படும் பக்கம் மட்டும் நிறம் மாறியிருக்கும். அதில் புது சிடி டிரைவ் போட்டால், மஞ்சள் முகப்பின் நடுவே அது மட்டும் வெளுப்பாகத் துருத்திக்கொண்டு தெரியும். "என்ன சார், கலர் சேரலையே?" என்ற கேள்வியை நான் முதலில் கேட்டது அப்படித்தான். அன்று எங்களிடம் அதற்குப் பதில் இல்லை.

வெளியே ஒரே நிறம் என்றாலும், உள்ளே நிறத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த நிறங்கள் எல்லாம் எங்களுக்கானவை. மின்சாரம் கொடுக்கும் பழைய ஏடி எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு வரும் இரண்டு கனெக்டர்களில் கறுப்புக் கம்பிகள் நடுவில் பக்கம் பக்கமாக அமைய வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு போச்சு. "கறுப்பும் கறுப்பும் ஒட்டணும்" என்பதுதான் எங்கள் தெருவில் பையன்களுக்கு அன்று சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஏடிஎக்ஸ் வந்தபின் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட். பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் ஜெம் கிளிப்பால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் தனியாகவே ஓடும். சர்வீஸுக்கு வந்த சப்ளையை அப்படித்தான் பார்ப்போம். ஐடிஇ கேபிளின் ஓரத்துச் சிவப்புக் கோடு முதல் பின் எந்தப் பக்கம் என்று சொல்லும். பிசிஐ ஸ்லாட் வெள்ளை, ஏஜிபி பழுப்பு, ஐஎஸ்ஏ கறுப்பு. இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து வகுத்த பிசி 99 வழிகாட்டிக்குப் பிறகு பின்பக்கத்திலும் கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை, மைக்குக்கு ரோஸ் என்று வந்துவிட்டது. போனிலேயே, "பச்சையில குத்துங்க சார்" என்று சொல்லிப் பல பேரை நாங்கள் கரையேற்றியிருக்கிறோம்.

இந்த நிறங்களை வாங்குகிறவர் பார்த்ததே இல்லை. மூடியைப் போட்டு நான்கு ஸ்க்ரூ முடுக்கினால் கதை முடிந்தது. கேபிளை எப்படியாவது சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, டிரைவ் கூண்டுக்குப் பின்னால் திணித்துவிடுவோம். மலிவு கேபினெட்டின் தகட்டு விளிம்பில் விரல் கிழியாத நாள் அபூர்வம். நன்றாகக் கட்டியதற்கும் ஏனோதானோவென்று கட்டியதற்கும் வெளியிலிருந்து ஒரு வித்தியாசமும் தெரியாது. விலையும் ஒன்றேதான். கை சுத்தமாக வேலை பார்த்த எத்தனையோ பேரை அந்த மூடி மறைத்துவிட்டது என்பது என் ஆதங்கம்.

மூடியை அறுத்துத் திறந்தவர்கள் கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்கள். ஸ்வீடனில் ட்ரீம்ஹேக் 1994இல் தொடங்கியது, அமெரிக்காவில் குவேக்கான் 1996இல். இப்படிப்பட்ட லேன் பார்ட்டிகளுக்கு அவரவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நூற்றுக்கணக்கான ஐவரிப் பெட்டிகள் வரிசையாக இருக்கும் கூடத்தில் தன் பெட்டி தனியாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்புதானே. கடையில் கிடைக்காததால் அவர்களே அறுத்தார்கள், அவர்களே பெயிண்ட் அடித்தார்கள். இங்கே பெட்டியைத் தூக்கிப்போகும் வழக்கம் இல்லை. பிரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்டிரைக் ஆடிப் பழகிய பையன்கள், வெளிநாட்டு மேகஸின் படங்களைக் காட்டி எங்களிடம் கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை.

அந்த வேலைக்கு ரிச்சி தெருவைப் போல வசதியான இடம் இன்னொன்று எனக்குத் தெரியாது. மவுண்ட் ரோட்டைத் தாண்டினால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கார் அலங்காரச் சாமான்களின் தெரு. கொஞ்ச தூரத்தில் புதுப்பேட்டை, வண்டி உதிரி பாகமும் பெயிண்டரும் டிங்கரும் நிறைந்த இடம். கேபினெட்டின் பக்கத் தகட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் பென்சிலால் கட்டம் போடுவோம். டேப் இல்லாவிட்டால் ஜிக்சாவின் அடித்தகடு பெயிண்டைச் சுரண்டிவிடும். மூலையில் டிரில் போட்டு, அந்தத் துளையில் பிளேடை இறக்கி அறுக்க வேண்டும். மெல்லிய தகடு என்பதால் அதிரும். ஒருவர் பலகை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வார். விளிம்பை அரத்தால் ராவி, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கிய கார் கதவு ரப்பர் பீடிங்கைச் சுற்றிலும் மாட்டி, போர்டு எழுதுகிறவரிடம் வெட்டி வாங்கிய அக்ரிலிக்கைப் பதிப்போம். பெயிண்டுக்குப் புதுப்பேட்டை. தன் பைக்கின் நீலமே வேண்டும் என்று ஒரு பையன் பைக்கையே கொண்டுவந்து நிறுத்தினான். அந்தப் பெயிண்டர் டேங்கைக் கூர்ந்து பார்த்துவிட்டு, கலந்து, ஒரு தகரத்துண்டில் அடித்து, வெயிலில் கொண்டுபோய் வைத்து ஒப்பிட்டார். கொஞ்சம் வெள்ளி சேர்த்தார். மறுபடி ஒப்பிட்டார். நிழலில் பொருந்தும் நிறம் வெயிலில் பொருந்தாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மதர்போர்டு உட்காரும் ஸ்டாண்டாஃப் இடங்களில் மட்டும் பெயிண்ட் படாமல் டேப் ஒட்டிவைப்போம், உலோகம் உலோகத்தைத் தொட்டால்தான் எர்த் கிடைக்கும் என்பதற்காக.

ஜன்னல் வைத்தாயிற்று, உள்ளே வெளிச்சம் வேண்டுமே? அதுவரை கேபினெட்டில் இருந்ததெல்லாம் முகப்பில் ஒரு பச்சை, ஒரு சிவப்பு எல்இடி. நீல எல்இடி பிரகாசமாக எரிய ஆரம்பித்தது 1993இல்தான், ஜப்பானின் நிச்சியா கம்பெனியில் ஷூஜி நகாமுரா செய்த வேலையால். 2014இல் அகாசாகி, அமானோ ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஆர்ஜிபி என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த மூன்றில் கடைசி எழுத்து இல்லாமல் வெள்ளையும் இல்லை, லாவண்டரும் இல்லை. எங்கள் கைக்கு நீலம் ஃபேன் வழியாக வந்தது. வந்த வேகத்தில் எல்லாமே நீலமானது. 1998இல் ஆப்பிள் தன் ஐமேக்கைக் கண்ணாடி போன்ற நீலப் பச்சையில் கொண்டுவந்த பின், மலிவு கேபினெட் முகப்புகளிலும் ஊடுருவித் தெரியும் நீல பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டது. 1997இல் சென்னையிலேயே தொடங்கிய ஜெப்ரானிக்ஸின் கேபினெட்டுகள் ஐவரி போய்க் கறுப்பு, வெள்ளி என்று எங்கள் கடையில் மாறி வந்ததும் அதையடுத்த வருஷங்களில்தான். கோல்டு கேத்தோடு குழாய்கள் இன்னொரு பக்கம்: அன்றைய எல்சிடி திரைக்குப் பின்னால் எரிந்த அதே ஜாதிக் குழாய், அதற்கென்று ஒரு சின்ன இன்வெர்ட்டர். அதில் புற ஊதாக் குழாய் போட்டு, அந்த ஒளியில் மின்னும் பச்சை, ஆரஞ்சு கேபிள்களை இழுத்தால் இருட்டில் கேபிள் மட்டும் மிதக்கும். டிஎஃப்ஐ கம்பெனி தன் லேன்பார்ட்டி மதர்போர்டுகளில் ஸ்லாட்டுகளையே அப்படி மின்ன வைத்தது. மதர்போர்டு செய்கிறவர்கள் உள்ளே எட்டிப்பார்க்கும் கண்ணை நினைத்து நிறம் கொடுத்த முதல் காலம் அது. அதற்குமுன் கிகாபைட் நீலம், எம்எஸ்ஐ சிவப்பு என்று போர்டு நிறங்கள் இருந்தன என்றாலும், அவை பிராண்டுக்கு அடையாளம், அவ்வளவுதான்.

பிறகு கம்பெனிகளே இதைக் கையில் எடுத்துக்கொண்டன. 2010ஐ ஒட்டிய வருஷங்களில் கேமிங் என்றால் கறுப்பும் சிவப்பும்தான். போர்டு, ராம், கிராஃபிக்ஸ் கார்டு மூன்றும் வெவ்வேறு கம்பெனி என்றாலும் சிவப்பு சேர்ந்துவிடும் என்பது எங்களுக்குச் சௌகரியம். எனக்கு அது சலிப்பூட்டியது. 2014இல் என்இசட்எக்ஸ்டி ஹெச்440 கேபினெட், சிடி டிரைவ் வைக்கும் இடத்தையே எடுத்துவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு மூடிக்குள் மறைத்தது. பார்க்க வேண்டியதைக் காட்டு, வேண்டாததை மறை என்று பெட்டியின் அமைப்பே மாறியது அங்கேதான். இரண்டு வருஷத்தில் அக்ரிலிக் போய் டெம்பர்டு கண்ணாடி பரவலானது. 2018இல் ஜெர்மனியின் ஓவர்கிளாக்கர் டெர்8அவருடன் சேர்ந்து லியான் லி கொண்டுவந்த ஓ11 டைனமிக், முன்பக்கமும் பக்கவாட்டிலும் கண்ணாடி. அன்று நாங்கள் அறுத்த ஜன்னல் இப்போது ஃபேக்டரியிலிருந்தே வருகிறது.

ஆனால் ஒளியை ஒன்றுசேர்ப்பதில் கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. அசூஸுக்கு ஆரா சிங்க், எம்எஸ்ஐக்கு மிஸ்டிக் லைட், கிகாபைட்டுக்கு ஆர்ஜிபி ஃப்யூஷன். ஒருவர் மென்பொருள் இன்னொருவர் சாமானைக் கண்டுகொள்ளாது. விண்டோஸ் 11இல் 2023இல்தான் மைக்ரோசாஃப்ட் டைனமிக் லைட்டிங் என்று பொதுவாக ஒன்றைச் சேர்த்தது. மதர்போர்டில் விளக்கைச் செருகும் ஹெட்டரிலும் இரண்டு வகை: எல்லா விளக்கும் ஒரே நிறமாக எரியும் 12 வோல்ட், ஒவ்வொரு விளக்கும் தனித்தனி நிறம் காட்டும் 5 வோல்ட். 5 வோல்ட் ஸ்ட்ரிப்பை 12 வோல்ட்டில் கொடுத்தால் எரிந்துபோகும். ஒரே ஃபேன் கம்பெனி, ஒரே ஹப் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

இதில் நாங்கள் இழந்தது ஒன்று உண்டு. மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு கம்பிகள் அழகைக் கெடுக்கின்றன என்று எஸ்எம்பிஎஸ் கம்பெனிகள் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டன. மேலே உறை போட்ட கேபிளில் வெள்ளையும் ரோஸும் மாறி மாறி வந்தால், அந்த ரோஸுக்கும் வோல்ட்டேஜுக்கும் சம்பந்தமே கிடையாது. என் கடையில் புதிதாகச் சேர்ந்த பையனுக்குப் பச்சைக் கம்பி என்று சொன்னால் புரியாது. கொக்கி இருக்கும் பக்கத்திலிருந்து பின்னை எண்ணக் கற்றுக்கொடுக்கிறேன். ஒரு பிராண்டின் மாடுலர் கேபிளை இன்னொரு பிராண்டு எஸ்எம்பிஎஸ்ஸில் செருகக் கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொல்லிவைக்கிறேன். வடிவம் பொருந்தும், உள்ளே பின் வரிசை வேறாக இருக்கும், ஹார்ட் டிஸ்க் போய்விடும்.

நிறத்தால் வாங்குகிறவர் இழந்ததும் உண்டு. ஆஸ்திரியாவின் நாக்டுவா 2005இலிருந்து பெரும்பாலும் பழுப்பும் சந்தனமும் கலந்த ஃபேனைத்தான் விற்றுவந்தது. காற்றுக்கும் சத்தமின்மைக்கும் அதற்குப் பெரிய பெயர். நிறத்துக்காக அதை வேண்டாம் என்றவர்கள் எங்கள் கடையிலேயே ஏராளம். 2019இல் என்ஹெச்-டி15 கூலரைக் கறுப்பில் கொடுத்தபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். நல்ல கூலரா, பொருந்தும் நிறமா என்று வாடிக்கையாளரைத் தடுமாற விட வேண்டியதில்லையே.

இப்போது வெள்ளையின் காலம். அதுதான் ஆகக் கடினம். ஒரு கம்பெனியின் வெள்ளையில் நீலச் சாயல் இருக்கும், இன்னொன்றில் பால் நிறம். கார்டின் மேல்மூடி பிளாஸ்டிக், கேபினெட் பெயிண்ட் அடித்த தகடு, கேபிள் உறை நூல். ஒரே பெயரில் விற்கும் வெள்ளையை மூன்றும் மூன்று விதமாகக் காட்டும். எல்லாவற்றையும் கடை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பேன், புதுப்பேட்டைக்காரர் சொன்னபடி. கிராஃபிக்ஸ் கார்டுதான் கண்ணில் படும் பெரிய பரப்பு என்பதால் அதை முதலில் முடிவு செய்து, மற்றதை அதற்கேற்ப எடுப்பேன். 2020, 21இல் கார்டே கிடைக்காமல் விலை ஏறிக் கிடந்தபோது கிடைத்த நிறத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த வெள்ளைப் பெட்டிகளுக்குள் கறுப்புக் கார்டு போட்டுக் கொடுத்ததில் எனக்கு வருத்தம்தான். அவர்களில் சிலர் பிறகு வெள்ளைக் கார்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள், அதே கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு.

கடைசியாக வந்திருப்பது கனெக்டரையே பின்பக்கம் வைத்த மதர்போர்டுகள். அசூஸ் பிடிஎஃப் என்கிறது, எம்எஸ்ஐ புராஜெக்ட் ஜீரோ என்கிறது. கண்ணாடி வழியே பார்த்தால் கேபிளே தெரியாது. அதற்கென்று துளை வெட்டிய கேபினெட்டில்தான் அவை உட்காரும் என்பதால், கேட்டு வருகிறவர்களிடம் கேபினெட்டையும் போர்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். கேபிள் எல்லாம் பின்பக்கம் போய்விட்டதால் அங்கே இப்போது நெரிசல் அதிகம். அதையும் வரிசைப்படுத்தி வெல்க்ரோ போட்டுக் கட்டிக்கொடுக்கிறோம். மூடும் முன்னால் வாங்குகிறவரைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தையும் காட்டுகிறேன்; பெரும்பாலானவர்கள் போனை எடுத்து அதையும் படம் பிடித்துக்கொள்கிறார்கள்.