நுண்துளை மின்முனைகளின் மின்மறுப்பு மாதிரிகள்

மின்கலம், மீமின்தேக்கி போன்றவற்றின் துளை நிறைந்த மின்முனைகளும், கண்ணாடி போன்ற ஒழுங்கற்ற திண்மங்களும் மாறுதிசை மின்னோட்டத்தில் நடந்துகொள்ளும் விதத்தை மின்சுற்றாகவோ சமன்பாடாகவோ எழுதிக்காட்டும் முறைகள். ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி என்ற பாடநூல் இணை இவற்றுக்குப் போதாது.

இத்துறையின் தொடக்கம் மின்முனையில் அல்ல, கண்ணாடியில் இருக்கிறது. கண்ணாடிச் சுவர் கொண்ட பழைய மின்தேக்கியான லெய்டன் சாடியில் எஞ்சும் மின்னூட்டம் எளிய அடுக்குக்குறி விதிப்படி குறைவதில்லை என்று கண்ட ருடால்ஃப் கோல்ராஷ், 1854இல் அதற்கு நீட்டிய அடுக்குக்குறிச் சார்பை அமைத்தார். 1889இல் ஜாக் க்யூரி, மின்காப்புப் பொருள்களில் மின்னோட்டம் நேரத்தின் அடுக்கு விதிப்படி தேய்வதைக் காட்டினார். 1899இல் எமில் வார்பர்க், அயனி விரவலால் எழும் மின்மறுப்பு அதிர்வெண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்றும், கட்டக்கோணம் 45 பாகையிலேயே நிற்கும் என்றும் நிறுவினார். 1941இல் கென்னத் கோல், ராபர்ட் கோல் சகோதரர்கள், அரைவட்டமாக வரவேண்டிய வரைபடம் சப்பையான வில்லாக வருவதை ஒரே ஓர் அடுக்கெண்ணால் விளக்கினர். கட்டக்கோணம் மாறாத கூறு என்று இன்று வழங்குவதன் முன்னோடி இதுவே.

நுண்துளைக்குச் சரியான மாதிரியைத் தந்தவர் ராபர்ட் டி லெவி (1963). துளையை அவர் ஓர் ஏணியாக வரைந்தார்: துளையின் நெடுக மின்பகுளியின் தடை, சுவரெங்கும், மின்பகுளி அதைத் தொடும் இடத்தில் அமையும் மின் இரட்டை அடுக்கின் மின்தேக்குதிறன். அதிர்வெண் மிகும்போது மின்குறிப்பு துளைவாயைத் தாண்டுவதில்லை. கோணம் 45 பாகை. அதிர்வெண் நான்கு மடங்கானால் ஊடுருவும் ஆழம் பாதியாகும். மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் துளை முழுவதும் மின்னேறும். அப்போது துளைக்குள் உள்ள மின்பகுளித் தடையில் மூன்றில் ஒரு பங்கே மின்தேக்கியோடு தொடராகத் தெரியும்.

1985இல் நியிகோஷ், பாய்கோஷி இருவரும், மேலே சொன்ன கட்டக்கோணம் மாறாத கூறின் அடுக்கெண்ணை மின்முனை மேற்பரப்பின் பகுவல் பரிமாணத்தோடு இணைத்தனர். அழகான கருத்து, ஆனால் நிலைக்கவில்லை. அணு அளவிலான சீரின்மையும் பரப்புக்கவர்ச்சியுமே பெரும்பாலும் காரணம் என்று பாய்கோஷியே பின்னர் காட்டினார். எனவே அளந்த அடுக்கெண்ணைக் கொண்டு மேற்பரப்பின் கரடுமுரடைக் கணக்கிடுவது தவறு.

நுண்துளை மின்முனைகளைக் கொண்ட லித்தியம் அயனி மின்கலங்களுக்கு டாயில், ஃபுல்லர், நியூமன் ஆகியோர் 1993இல் வெளியிட்ட மாதிரியும் அதன் வழிவந்த கணினி நிரல்களும் இப்போது பயன்பாட்டில் உள்ளன.