ஆள்சேர்ப்பில் உணர்ச்சி நுண்ணறிவுச் சோதனை: விண்ணப்பதாரர் பார்வை

தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் திறன் உணர்ச்சி நுண்ணறிவு எனப்படுகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் 1990இல் இதை ஒரு கோட்பாடாக முன்வைத்தனர். 1995இல் வெளிவந்த டேனியல் கோல்மனின் புத்தகம் இதைப் பரவலாக்க, ஆள் எடுக்கும் இடங்களுக்கும் சோதனைகள் வந்து சேர்ந்தன. வேலை தேடி வருபவர் அவற்றை எப்படி ஏற்கிறார் என்பது சோதனையின் வகையைப் பொறுத்தது.

ஒரு வகையில், தன்னைப் பற்றித் தானே மதிப்பிட வேண்டும். ருவன் பார்-ஆன் 1997இல் வெளியிட்ட 'ஈக்யூ-ஐ' 133 கூற்றுகள் கொண்டது. பதற்றத்தில் நிதானம் இழப்பேனா, கோபத்தை அடக்குவேனா என்ற போக்கில் அமைந்த கூற்றுகளுக்கு எந்தப் பதில் வேலை வாங்கித் தரும் என்று ஊகிப்பது எளிது. விண்ணப்பதாரராகத் தம்மைக் கருதிக்கொண்டு எழுதியவர்கள் இதில் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்வதை ஆர்லா டே, சாரா கேரல் ஆகியோரின் 2008ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. உள்ளதை உள்ளபடி எழுதியவர் பின்தங்கிப்போகக்கூடும் என்பதால், இவ்வகைமீது எழும் மனக்குறை நியாயமானதே.

மற்ற வகை, திறனை நேரடியாகச் சோதிப்பது. மேயர், சாலவே, டேவிட் கருசோ ஆகியோர் 2002இல் வெளியிட்ட 'எம்எஸ்சிஇஐடி' 141 கேள்விகள் உடையது. ஒரு முகத்தின் படத்தைக் காட்டி, அதில் மகிழ்ச்சி எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று ஐந்து படிகளில் குறிக்கச் சொல்கிறது. இன்னொரு பகுதியில் இயற்கைக் காட்சிகளுக்கும் வண்ணக் கோலங்களுக்கும் இதே கேள்வி. இதில் நடிப்பது கடினம்; டே, கேரல் ஆய்விலும் மதிப்பெண் உயரவில்லை. ஆனால் வேறு சந்தேகம் எழுகிறது: சரியான விடையை யார் தீர்மானித்தது? முன்பு எழுதிய ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் தந்த விடைக்கோ, உணர்ச்சி ஆய்வாளர்கள் 21 பேர் ஒப்பிய விடைக்கோதான் மதிப்பெண். கணக்குத் தேர்வில் தவறியவர் தன் விடையைத் தானே சரிபார்க்கலாம். இங்கே அதற்கு வழியில்லை. கணக்காளர் வேலைக்கு வந்தவருக்குப் பாறையின் படத்தில் எவ்வளவு சோகம் என்ற கேள்வி எதற்கு என்றும் புரியாது.

ஸ்டீபன் கில்லிலண்ட் 1993இல் வகுத்த நீதிக் கோட்பாடு இந்த மனநிலையை நன்கு விளக்குகிறது. சோதனைக்கும் வேலைக்கும் தொடர்பு தெரிய வேண்டும், தன் திறமையைக் காட்ட வாய்ப்பு வேண்டும், முடிவுக்கு விளக்கம் வேண்டும் என்று விண்ணப்பதாரர் எதிர்பார்க்கிறார். ஜான் ஹாஸ்க்னெக்ட் குழுவின் 2004ஆம் ஆண்டுத் தொகுப்பாய்விலும் நேர்காணலும் மாதிரி வேலையும் அதிகம் விரும்பப்பட்டன. ஆளுமைச் சோதனை நடுவில் நின்றது. கையெழுத்துக் கணிப்பு கீழே கிடந்தது. உணர்ச்சிச் சோதனையில் விளக்கத்தின் தேவை இன்னும் கூடுதல். தட்டச்சில் வேகம் போதாது என்றால் பழகிக்கொள்ளலாம். பிறர் மனம் புரியாதவர் என்ற முத்திரை ஆளையே குறை சொல்வது. மதிப்பெண்ணைக் கூடச் சொல்லாமல் நிராகரிப்பது கொடுமை.

காணொளி நேர்காணலில் முகத்தைக் கணினி அலசத் தொடங்கியதும் எதிர்ப்பு வலுத்தது. அமெரிக்காவின் ஹயர்வியூ நிறுவனம்மீது 2019இல் மத்திய வர்த்தக ஆணையத்திடம் புகார் போனது. முக அலசலைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அந்நிறுவனம் அறிவித்தது. முகம், குரல் போன்ற உடல்சார் தரவிலிருந்து பணியிடத்தில் உணர்ச்சியைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடைசெய்துள்ளது. கேள்வித்தாள் வடிவச் சோதனைகளை இத்தடை தொடவில்லை.