குடிநோய் மீட்புக் கூட்டம் (விருத்தாசலம் வட்டாரம்)

குடிநோய் மீட்புக் கூட்டம் என்பது, மதுவை விட விரும்புவோரும் ஏற்கெனவே விட்டவர்களும் குறித்த நாளில் ஓரிடத்தில் கூடி, தம் அனுபவங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, குடியில்லாத நாள்களை நீட்டித்துக்கொள்ளும் கூட்டமாகும். குடிநோய் என்ற சொல், மிகுகுடியை ஒழுக்கக்கேடாகப் பாராமல், தொடங்கினால் நிறுத்தும் வல்லமையைப் பறித்துக்கொள்ளும் நோயாகப் பார்க்கும் நோக்கில் வழங்குகிறது. இத்தகைய கூட்டங்களுள் நன்கறியப்பட்டது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. எனப்படும். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935ஆம் ஆண்டு, தாமே குடிநோயாளிகளாக இருந்த பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய இவ்வியக்கம், 1950களில் இந்தியாவில் வேரூன்றியது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பமே இதில் சேர்வதற்கான ஒரே தகுதி. கட்டணம் இல்லை, வெளியார் நன்கொடையும் ஏற்கப்படுவதில்லை.

உறுப்பினரின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பது இக்குழுக்களின் அடிப்படை மரபாதலால், கூட்டத்தைத் தேடுவதே முதல் இடர்ப்பாடாகிறது. டாஸ்மாக் கடைக்கு ஊரறிந்த பெயர்ப்பலகை உண்டு. கூட்டமோ பெரும்பாலும் தேவாலய வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ மருத்துவமனை அறையிலோ மாலை வேளையில் ஓசையின்றி நடந்து முடிகிறது. விருத்தாசலம் போன்ற ஊரில் இவ்விடர் இரட்டிப்பாகும். கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்து, பழமலைநாதர் கோயிலாலும் செராமிக் தொழிலாலும் பெயர்பெற்ற இந்நகரில், சூளையில் உடன் நிற்பவரே தெருக்காரராகவும் உறவினராகவும் இருக்கக்கூடும். யார் எந்த வாசலில் நுழைந்தார் என்பது மறுநாள் காலையில் தேநீர்க் கடைக்கு வந்துவிடும் என்ற அச்சம் பொய்யன்று. ஆகவே அடுத்த ஊர்க் கூட்டத்துக்குச் செல்வதை ஒளிந்துகொள்வதாகக் கருத வேண்டியதில்லை. விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் ஆகிய திசைகளின் தடங்கள் சந்திக்கும் ரயில் சந்திப்பாக விருத்தாசலம் இருப்பது இதற்கு வசதி. ஏற்றிய சூளையைப் பாதியில் விட்டு வர இயலாதாகையால், இரவு முறைப் பணியில் இருப்பவர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உள்ள இடத்தைக் கேட்டறிவது நல்லது.

தேடலைத் தொலைபேசியில் தொடங்கலாம். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் போதை மீட்பு உதவி எண் 14446. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. அரசு மருத்துவமனையில், மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் வரும் நாளைக் கேட்டு அன்று செல்வது மற்றொரு வழி. அருகில் நடக்கும் கூட்டங்களைப் பற்றி அவரிடமே விசாரிக்கலாம். ஏ.ஏ.வின் இந்தியத் தலைமை அலுவலகம் மும்பையில் உள்ளது. குழுக்களின் இடமும் நேரமும் அங்கு கேட்டறியத்தக்கவை. எனினும் இடமும் நேரமும் அடிக்கடி மாறக்கூடியவை என்பதால், புறப்படும் முன் மறுபடி விசாரித்துக்கொள்ள வேண்டும். பூட்டிய கதவின் முன் நின்று திரும்பியவர் இரண்டாம் முறை வருவது அரிது. குடிநோயாளிகள் மட்டும் அமர்வது மூடிய கூட்டம். குடும்பத்தாரும் பிறரும் வரக்கூடியது திறந்த கூட்டம். முதல்முறை வருபவர் பேச வேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஓர் எச்சரிக்கை இங்கு இன்றியமையாதது. பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்தில் கைநடுக்கமும், இரண்டு நாள்களுக்குள் வலிப்பும், இரண்டு மூன்று நாள்களில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும் மனக்குழப்பமும் தோன்றக்கூடும். இந்நிலை உயிரையும் பறிக்கவல்லது. இத்தகையோர் முதலில் மருத்துவரைக் கண்டு, மருந்தின் துணையுடன் நிறுத்திய பின்பே கூட்டத்தை நாடவேண்டும். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று அன்று.

மருத்துவம் முடிந்த பின் வரும் நாள்களுக்கே கூட்டம் உரியது. சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் குடியைத் தொடாதவர், மாலையைக் கழற்றியதும் பழைய வழிக்குத் திரும்புவதைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் நன்கறியும். கோயிலில் கட்டிக்கொள்ளும் கயிறும் இத்தகையதே. விரதத்துக்கு முடிவுநாள் உண்டு. கூட்டத்துக்கு அது இல்லை. இன்று ஒருநாள் குடிக்காதிருப்பது என்ற சிறிய கணக்கையே அது வைக்கிறது. 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கி 2020ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் மருத்துவ மதிப்பாய்வு, தொடர்ந்து குடியை விட்டிருக்கச் செய்வதில் ஏ.ஏ. வழிமுறை பிற நிறுவப்பட்ட சிகிச்சைகளைவிடக் குறைந்ததன்று, பல இடங்களில் மேம்பட்டது எனக் கண்டது.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு வழிகோலியது, கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980ஆம் ஆண்டு சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். இது மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில் சிகிச்சை முகாம்களை நடத்தி, நோயாளியின் மீட்சியில் ஊராரையும் பங்கேற்கச் செய்தது. ஊரார் அறிந்தால் அவமானம் என்ற எண்ணத்துக்கு மாறாக, ஊராரே காவலாக நிற்கக்கூடும் என்பதைக் காட்டிய இம்முறை, விருத்தாசலம் போன்ற தொழில்நகரங்களிலும் செய்துபார்க்கத் தக்கது.

குடிப்பவரின் குடும்பத்தாருக்கென 1951ஆம் ஆண்டு முதல் அல்-அனான் என்ற தனிக் குழுக்கள் இயங்குகின்றன. குடிப்பவர் கூட்டத்துக்கு வர மறுத்தாலும், மனைவியோ தாயோ அவருக்காகக் காத்திராமல் தாம் முதலில் சென்று அமரலாம். அதற்கு அவருடைய சம்மதம் தேவையில்லை.