ஏக்கர்

ஏக்கர் என்பது ஆங்கிலேய அளவை முறையைச் சேர்ந்த நிலப்பரப்பு அலகாகும். இடைக்கால இங்கிலாந்தில், ஓரிணை எருதுகள் ஒரு பகலில் உழக்கூடிய நிலத்தின் பிரமாணமாக வழங்கிவந்த இவ்வளவு, காலக்கிரமத்தில் சட்டத்தால் வரையறுக்கப்பெற்று, 660 அடி நீளமும் 66 அடி அகலமும் கொண்ட நிலத்தின் விஸ்தீரணமாகிய 43,560 சதுர அடி என ஸ்திரம் பெற்றது. கணிதவியலாளர் எட்மண்ட் கன்டர் 1620-இல் 66 அடி அளவைச் சங்கிலியை வகுத்தளித்த பின்னர், பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்னும் கணக்கு நில அளவையாளர்க்குப் பெரிதும் அனுகூலமாயிற்று.

பிரிட்டிஷ் ஆட்சியின் வாயிலாக இந்தியாவில் பரவிய இவ்வலகின் நூற்றில் ஒரு பாகம் சென்ட், அதாவது 435.6 சதுர அடி. மெட்ரிக் முறை அமலுக்கு வந்து, பட்டா முதலிய அரசாங்க ஆவணங்களில் ஹெக்டேர் இடம்பெற்ற பின்னரும், தமிழ்நாட்டுக் குடியானவர்கள் வயலையும் தோப்பையும் ஏக்கர் கணக்கிலேயே மதிப்பிடுகின்றனர். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கருக்குச் சமமாகும்.