தொப்பி (ஓவியத்தில்)

ஐரோப்பிய ஓவியத்தில் ஒருவரின் பதவி, தொழில், கொள்கை ஆகியவற்றை உணர்த்தும் குறியீடு. மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, புனித ஜெரோமின் சிவப்புத் தொப்பி. கர்தினால்களுக்கு அதை வழங்கியவர் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் (1245); ஜெரோமோ 420இல் மறைந்தவர். இருந்தும் ஓவியர்கள் அவரைக் கர்தினாலாகவே காட்டினர். ஆல்பிரெக்ட் டியூரரின் செப்புத்தகட்டு அச்சோவியத்தில் (1514) தொப்பி அவர் தலையில் இல்லை. பின்சுவரில், மணற்கடிகைக்கு அருகே தொங்குகிறது. அவர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். பதவியைவிடப் படிப்பைப் பெரிதாக எண்ணியவரை இதைவிட அழகாகச் சொல்லிவிட முடியாது.

தொப்பி கொள்கையையும் சொல்லும். 1830ஆம் ஆண்டு பிரெஞ்சுப் புரட்சியை வரைந்த ஓவியர் டெலாக்ருவா, சுதந்திரத்தைப் பெண்ணுருவாக்கி, விடுதலையின் சின்னமான ஃபிரீஜியத் தொப்பியை அணிவித்தார்.

பென்சில் உருவப்படத்தில் தொப்பிக்கு வேறு பணியும் உண்டு. வண்ணம் இல்லாததால் வடிவமே பேச வேண்டும். இதில் நிகரற்றவர் பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் (1780–1867). நெப்போலியன் வீழ்ந்த பின் ரோம் நகரில் ஆதரவாளர்களை இழந்த அவர், அங்கு வந்த ஆங்கிலப் பயணிகளைப் பென்சிலால் வரைந்து பிழைத்தார். முகத்துக்கு நுண்ணிய நிழல் கொடுத்தார். உடையைச் சில கோடுகளில் முடித்தார். கனவானின் உயரத் தொப்பியும் சீமாட்டியின் நாடா கட்டிய பானெட்டும் அவர்களின் சமூகத் தகுதியைச் சொல்லிவிடும். அந்தக் கோடுகளில் தயக்கமே இல்லை.