தீவின் மரியா

பிரேசில் நாட்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1888-இல். பதின்மூன்றே ஆண்டுகள் கழித்து, தென்மாநிலமான சாந்தா கதரீனாவின் தலைநகர் ஃப்ளோரியானோபொலிஸில் அன்டோனியெட்டா டி பாரோஸ் பிறந்தார். தாயார் அடிமைத்தளையினின்று விடுபட்டவர். துணி வெளுத்து மகளைக் கற்பித்தவர். ஆசிரியப் பயிற்சி முடித்த மகளோ, 1922-இல் எழுத்தறியாதோர்க்கெனத் தம் பெயரிலேயே ஒரு பள்ளியை நிறுவினார்.

தலைநகரின் பெரும்பகுதி ஒரு தீவு. ஆதலின் 'தீவின் மரியா' என்னும் புனைபெயரில் நாளேடுகளில் எழுதினார். அக்கட்டுரைகள் 1937-இல் 'எண்ணக் கந்தல்கள்' எனப் பொருள்படும் தலைப்பில் நூலாயின. துணி வெளுத்தவரின் மகள் தம் நூலுக்குக் கந்தல் என்று பெயரிட்டது தற்செயலாக இராது. முதற்பதிப்பின் வருவாயைத் தொழுநோயாளர்தம் குழந்தைகளின் காப்பகத்திற்கு அளித்தார்.

பிரேசில் பெண்டிர் வாக்குரிமை பெற்றது 1932-இல். 1934 தேர்தலிலேயே மாநிலச் சட்டமன்றத்திற்குத் தேர்வானார் அன்டோனியெட்டா. அந்நாட்டில் மக்கள் தேர்ந்த முதற் கறுப்பினப் பெண் உறுப்பினர் அவரே. 1937-இல் வர்காஸின் சர்வாதிகாரம் மன்றங்களை மூடிற்று. மக்களாட்சி மீண்டபின் அவரும் மன்றம் மீண்டார். எதிரணி வரலாற்றறிஞர் ஒருவர் அவரெழுத்தை அடிமைக் குடிலின் வம்பென்று இகழ்ந்தார். இனத்தைச் சுட்டிய அவ்வசைக்கு அவர் ஏட்டிலேயே விடையிறுத்தார்.

தொடக்கப் பள்ளிகளுக்கான சட்டம் பிறந்தது 1827 அக்டோபர் 15. அந்நாளையே ஆசிரியர் நாளாக்கும் மாநிலச் சட்டத்தை 1948-இல் அவர் கொணர்ந்தார். நாடு முழுமையும் அதனை ஏற்றது 1963-இல். அவரோ 1952-இலேயே மறைந்திருந்தார்.